ஸ்பீக்கர் வீட்டில் இருக்கிறது, வைஃபையில் இல்லை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்பீக்கர் புராணம்தான். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.

கேள்வி: புதிதாக வைஃபை ஸ்பீக்கர் வாங்கினோம். ஆப்பை இறக்கி, சொன்னபடியெல்லாம் செய்தும் கடைசியில் 'நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை' என்றே வருகிறது. பாஸ்வேர்டு சரிதான், அதே பாஸ்வேர்டில் கைபேசி, மடிக்கணினி, டிவி எல்லாம் ஓடுகின்றன. ஐந்து தடவை ரீசெட் செய்தாயிற்று. ஸ்பீக்கரே பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் ரீசெட் செய்வதை நிறுத்துங்கள். ரீசெட் என்றால் தெரிந்ததையெல்லாம் மறக்கச் செய்வது. உங்கள் ஸ்பீக்கருக்கு உங்கள் வீட்டைப் பற்றி இன்னும் எதுவுமே தெரியாதே, மறப்பதற்கு என்ன இருக்கிறது?

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே நின்றது என்று கண்டுபிடித்துவிடலாம். ஸ்பீக்கருக்குத் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. அதனால் முதல்முறை பிளக்கில் செருகியதும் அதுவே ஒரு குட்டி வைஃபையைக் கிளப்பும் (சில மாடல்கள் இந்த வேலையை ப்ளூடூத்தில் முடித்துக்கொள்ளும்). கைபேசி வீட்டு வைஃபையை விட்டு அந்தக் குட்டி வைஃபைக்குள் போய், வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். அப்புறம் ஸ்பீக்கர் ரவுட்டரின் கதவைத் தட்டும், ரவுட்டர் பாஸ்வேர்டைப் பார்த்து உள்ளே விட்டு ஒரு ஐபி முகவரி (நெட்வொர்க்குக்குள் அதன் கதவெண்) கொடுக்கும், பிறகு கைபேசி அதே நெட்வொர்க்கில் ஸ்பீக்கரைத் தேடிப் பிடிக்கும். இதில் எந்தப் படி சறுக்கினாலும் ஆப் காட்டுவது நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வரிதான். அந்த வரியை எழுதிவைத்தவர் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம்.

மற்ற எல்லாம் ஓடுகின்றன, இது மட்டும் ஓடவில்லை என்கிறீர்கள். அப்படியானால் என் முதல் சந்தேகம் அலைவரிசை மேல். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் பேசும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். உங்கள் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் இரண்டும் தெரியும். ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் '802.11 பி/ஜி/என்' என்று மட்டும் இருந்தால் அநேகமாக அந்த ரகம். இப்போது வரும் ரவுட்டர்களோ இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. கைபேசி 5-இல் உட்கார்ந்துகொண்டு 'நான் இருக்கும் இடத்துக்கு வா' என்று கூப்பிட்டால் சில ஆப்கள் அங்கேயே குழம்பிவிடும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போல ஒரு எண்ணும், உள்ளே நுழைய ஒரு பாஸ்வேர்டும் இருக்கும். அந்த எண்ணை பிரவுசரில் தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். வயர்லெஸ் என்ற பகுதியில் 'ஸ்மார்ட் கனெக்ட்' அல்லது 'பேண்ட் ஸ்டீயரிங்' என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிட்டு, 5-இன் பெயருக்குப் பின்னால் ஒரு 5 சேர்த்துவிடுங்கள். இப்போது இரண்டு பெயர்கள் தெரியும். கைபேசியை 5 இல்லாத பெயரில் சேர்த்துவிட்டு ஸ்பீக்கரை மறுபடி அமைத்துப் பாருங்கள். அமைத்து முடிந்ததும் கைபேசி 5-க்கே திரும்பிப் போகலாம். பெயர் வேறானாலும் ரவுட்டருக்குள் இரண்டும் ஒரே நெட்வொர்க்தான். இது தெரியாமல் ஸ்பீக்கருக்காகக் கைபேசியையும் காலமெல்லாம் 2.4-இலேயே கட்டிப் போட்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அந்தப் பக்கத்தில் இருக்கும்போதே பாதுகாப்பு வகையையும் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை) பாருங்கள். 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டது 2018-இல், அதற்கு முன் வடிவமைத்த சிப் இன்றும் பல ஸ்பீக்கர்களுக்குள் இருக்கிறது. 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்ற கலப்பு முறைக்கு மாற்றுங்கள். ஆத்திரத்தில் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டு வைஃபையைத் திறந்து போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு தொல்லை கைபேசியின் அதிபுத்திசாலித்தனம். ஸ்பீக்கரின் குட்டி வைஃபையில் இணையம் கிடையாது. 'இதில் நெட் இல்லையே' என்று கைபேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பேச்சு பாதியில் அறுந்துவிடும். அமைக்கும் அந்த ஐந்து நிமிடம் மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஆப் இருப்பிட அனுமதி கேட்டால் கொடுங்கள், சுற்றியுள்ள வைஃபை பட்டியலைப் பார்க்க அது வேண்டும்.

பாஸ்வேர்டு சரிதான் என்று அடித்துச் சொல்கிறீர்கள். நானும் ஒரு தடவை அப்படித்தான் சொன்னேன், ஒரு சாயங்காலம் முழுக்க. கீபோர்டு பரிந்துரைத்த சொல்லைத் தொட்டுப் பாஸ்வேர்டை நிரப்பியிருந்தேன், அது வழக்கம்போல் சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளியை விட்டுவிட்டது. திரையில் எல்லாம் கரும்புள்ளிகள், பன்னிரண்டா பதின்மூன்றா என்று யார் எண்ணுவார்கள்? கண் படத்தைத் தொட்டுப் பார்த்தபோதுகூடத் தெரியவில்லை. கர்சர் கடைசி எழுத்தை ஒட்டாமல் தள்ளி நின்றதை வைத்துத்தான் பிடித்தேன்.

இத்தனைக்குப் பிறகும் ஆகவில்லை என்றால் தீர்ப்புச் சோதனை ஒன்று இருக்கிறது. வீட்டில் இன்னொருவர் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லுங்கள், அதன் செட்டிங்ஸில் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள் (ஐபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'). உங்கள் கைபேசியிலிருந்து ஸ்பீக்கரை அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் ஸ்பீக்கர் நல்ல பிள்ளை, கோளாறு ரவுட்டர் பக்கம். அதிலும் சேராவிட்டால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்பீக்கரில் விளக்கு சீராக எரிகிறது, ரவுட்டர் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது. ஆனால் ஆப் 'எந்த ஸ்பீக்கரும் கிடைக்கவில்லை' என்கிறது.

பதில்: ரவுட்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதியதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். ஸ்பீக்கர் உள்ளே வந்துவிட்டது, கைபேசிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டில் ஒன்று விருந்தினர் வைஃபையில் இருக்கும். விருந்தினர் வைஃபை என்பதே அதில் இருப்பவை வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்கக் கூடாது என்று போட்ட தடுப்பு. சில ரவுட்டர்களில் சாதாரண வைஃபைக்கும் 'ஏபி ஐசொலேஷன்' என்று, கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி ஒரு தடுப்பு இருக்கும், அதை நீக்குங்கள்.

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று என்று வீட்டில் இரண்டு வைஃபை ஓடினாலும் இதே கதைதான். கைபேசியின் ஐபி 192.168.0 என்றும் ஸ்பீக்கரின் ஐபி 192.168.1 என்றும் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு வீட்டில் குடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் எண் 169.254 என்று ஆரம்பித்தால் விஷயம் வேறு: யாரும் முகவரி கொடுக்காததால் அது தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

அப்புறம் கைபேசியின் இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடுகிறதா பாருங்கள், ஓடினால் அணையுங்கள். ஐபோன் என்றால் ஐஓஎஸ் 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' என்று தனி அனுமதி உண்டு. ஆப் முதல்முறை கேட்டபோது யோசிக்காமல் 'வேண்டாம்' தட்டியிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

கேள்வி: ரவுட்டரை மாற்றினோம். மூன்று ஸ்பீக்கர், நான்கு பல்பு, ஒரு கேமரா எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்துவிடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. பாதுகாப்பு வகையும் பழையதாகவே இருக்கட்டும். அவை பாட்டுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும், ரவுட்டர் மாறியதே அவற்றுக்குத் தெரியாது. பழைய பெயரை எழுதிவைக்காமல் பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட்டவர்களுக்கு என்னிடம் ஆறுதல் மட்டும்தான் உண்டு.

கேள்வி: சமையலறையில் வைத்த ஸ்பீக்கர் மட்டும் அவ்வப்போது அறுந்து அறுந்து பாடுகிறது. கூடத்தில் வைத்தால் நன்றாகப் பாடுகிறது.

பதில்: அறுபடும் நேரத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிறதா கவனியுங்கள். அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், உங்கள் 2.4 வைஃபைக்குப் பக்கத்து இருக்கை. கொஞ்சம் கசிந்தாலும் வைஃபைக்கு அது பெரும் இரைச்சல். ஸ்பீக்கரை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், அதற்கு 5 தெரியுமானால் அதில் சேர்த்துவிடுங்கள். அடுப்பு இல்லாத நேரத்திலும் அறுந்தால் ரவுட்டரில் சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதை) 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள், 2.4-இல் ஒன்றோடொன்று மோதாதவை அவை. 12, 13-இல் விடாதீர்கள், சில கருவிகளுக்கு அந்த இரண்டும் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: ஆசையாக வைஃபைக்கு 'எங்கள் வீடு' என்று தமிழில் பெயர் வைத்தேன். கைபேசியில் அழகாகத் தெரிகிறது. ஸ்பீக்கர் ஆப்பில் கட்டம் கட்டமாக வருகிறது, இணையவும் இல்லை.

பதில்: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இதுதான். வைஃபை பெயருக்கு மொத்தம் 32 பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அளவு) இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழுக்கு மூன்று வேண்டும், அதிலும் மெய்யின் புள்ளி, 'வீ'யின் சுழி, 'டு'வின் கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'எங்கள் வீடு' நமக்கு ஆறெழுத்து, கணினிக்குப் பத்து. முப்பது பைட், நடுவில் இடைவெளிக்கு ஒன்று, ஆக 31. மயிரிழையில் தப்பியிருக்கிறீர்கள். மேலே முதல் பதிலில் சொன்ன 5-ஐ ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்தால் 33, எல்லை தாண்டிவிடும். ஒட்டிப் போட்டால் சரியாக 32.

ஆக, பெயரில் தப்பில்லை. ஸ்பீக்கர் ஆப்பை எழுதியவர்கள் ஆங்கிலத்தைத் தவிர இன்னொரு மொழியில் யாராவது பெயர் வைப்பார்கள் என்று நினைத்துப் பார்க்காததுதான் தப்பு. 2.4-க்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைத்து ஸ்பீக்கரை அதில் விடுங்கள், 5-இல் 'எங்கள் வீடு' அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: விடுதியில் தங்கியிருக்கிறேன். வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் திறந்து பயனர் பெயர் கேட்கும். ஸ்பீக்கரை எப்படிச் சேர்ப்பது?

பதில்: பக்கத்தைத் திறக்க ஸ்பீக்கருக்குத் திரை இல்லையே. விடுதி நிர்வாகியிடம் ஸ்பீக்கரின் மேக் எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கும் அடையாள எண்) கொடுத்து அனுமதிக்கச் சொல்லலாம், எண் பெரும்பாலும் ஸ்பீக்கரின் அடியில் அச்சிட்டிருக்கும். அவர் மாட்டேன் என்றால் ஸ்பீக்கரில் ப்ளூடூத் பொத்தான் இருக்கிறதா பாருங்கள், அதற்கு எந்த நெட்வொர்க்கும் வேண்டாம். சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள், பக்கத்து அறைக்காரரும் எனக்குக் கேள்வி அனுப்பக்கூடும்.