கொசுவின் பின்னால் இருப்பது நூலா? படக்கதைக் குறிகள் குறித்து ஓர் ஆசிரியையின் கேள்வி

கேள்வி: டெங்கு பற்றி நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆறு கட்டங்களில் ஒரு படக்கதை வரைந்தேன். பறக்கும் கொசுவுக்குப் பின்னால் நான் இட்ட கோடுகளை நூல் என்றார்கள். காய்ச்சல்காரச் சிறுவனின் எண்ணக் குமிழியை மேகம் என்றார்கள். எழுத்தைக் கூட்டுவதா, படத்தை மாற்றுவதா?

பதில்: படத்தைத்தான் மாற்ற வேண்டும். அழுகையும் சிரிப்பும் முகத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் வேகக் கோடு, எண்ணக் குமிழி, அடிபட்டவர் தலையைச் சுற்றும் நட்சத்திரங்கள் ஆகியவை காமிக்ஸ் படித்துப் படித்தே பழக வேண்டியவை. எந்தக் கொசுவும் கோடு இழுத்துக்கொண்டு பறப்பதில்லை அல்லவா? ஜப்பானியக் காமிக்ஸில் புடைத்த நரம்பைச் சுருக்கி நெற்றியில் இடும் குறி கோபத்தைக் காட்டும். பழக்கமில்லாதவர் அதைக் காயம் என்றே எண்ணுவார். அமெரிக்க ஓவியர் மார்ட் வாக்கர் 1980இல் வெளியிட்ட நூலில், முகத்தைச் சுற்றித் தெறிக்கும் வியர்வைத் துளிகளுக்கும் வசவுச் சொல்லுக்குப் பதிலாக வரும் சுழிகளுக்கும் விளையாட்டாகத் தனிப்பெயர்களே சூட்டினார்.

ஆகவே குறியைத் தனியாக விடாதீர்கள். போர்வைக்குள் சுருண்டிருக்கும் சிறுவனையும் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் அம்மாவையும் வரைந்த பிறகு வியர்வைத் துளிகளைச் சேர்த்தால், துளிகளின் பொருள் தானே விளங்கும். குமிழிக்குள் எழுத்துக்குப் பதிலாக அவன் ஏங்கும் கிரிக்கெட் மட்டையை வரையுங்கள். தலையிலிருந்து கிளம்பும் சிறு வட்டங்களையும் மறக்க வேண்டாம். கொசுவின் ‘ஙொய்ங்’ என்ற ஒலியைத் தொலைவில் சிறிதாகத் தொடங்கிக் காதருகே பெரிதாக முடித்தால், கோடே இல்லாமல் அது நெருங்குவது தெரியும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது கட்டங்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடம். அங்கே நடப்பதை வாசகர் தாமே நிரப்பிக்கொள்வார். ஒரு கட்டத்தில் மூடாத தொட்டி, அடுத்ததில் காய்ச்சல் என்று வரைந்தால், தொட்டி நீரைக் குடித்ததால் காய்ச்சல் வந்தது என்றே பிள்ளை முடிவு செய்யும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். அந்தக் கொசு டெங்கு நோயாளி ஒருவரைக் கடித்து, ஒரு வாரத்துக்கு மேல் கழிந்த பின்னரே பிறருக்கு நோயைப் பரப்பும். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர மேலும் 4 முதல் 10 நாட்கள் ஆகலாம். எனவே நாட்களை அடித்த காலண்டர் ஒன்றைக் கட்டத்தின் மூலையில் மாட்டுங்கள். பக்கத்து வீட்டு நோயாளியைக் கொசு கடிப்பதற்கு ஒரு முழுக் கட்டத்தையே ஒதுக்குங்கள். இடம் போதாவிட்டால் மருத்துவர் அறிவுரை கூறும் கட்டத்தை எடுத்துவிடலாம். சுவரொட்டிகளில் அவர் பேசாத பேச்சா!

பின்னணியும் பொருள் சொல்லும். குறட்டை, நிலா, கொசு என்று வரைவது நம் வழக்கம். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. ஆதலால் ஜன்னலில் வெயில் இருக்கட்டும். கொசுவின் கால்களில் வெள்ளைப் பட்டைகளும் தெரியட்டும்.

கட்டங்களை மூன்று மூன்றாக இரு வரிசைகளில் அடுக்கி, பக்கவாட்டு இடைவெளியைவிட வரிசைகளுக்கு இடையே சற்றுக் கூடுதலாக விட்டால், கண் வழி தவறாது. அச்சிடும் முன் எழுத்துகளையெல்லாம் மறைத்து, காமிக்ஸ் படிக்காத ஒரு பிள்ளையிடம் கதை சொல்லக் கேளுங்கள்; அது தயங்கி நிற்கும் கட்டத்தைத்தான் திரும்ப வரைய வேண்டும்.