ஊசி, ஸ்கேன், ஆபரேஷன்: பிள்ளையிடம் என்ன சொல்வது?

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் கேட்டதில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: 4 வயது மகளுக்கு அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. இப்போதே சொல்லலாமா?

முந்தின நாள் சொன்னால் போதும். இப்போதே சொன்னால் வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். சொல்லாமலே கூட்டிப் போனால் அப்புறம் பூங்காவுக்குக் கூப்பிட்டாலும் சந்தேகப்படுவாள். 10 வயதுப் பிள்ளை என்றால் சில நாள் முன்பே சொல்லுங்கள், கேள்வி கேட்க நேரம் வேண்டும்.

கேள்வி: "வலிக்கவே வலிக்காது" என்று பாட்டி சொல்லி வைத்திருக்கிறார். சரிதானா?

இல்லை. ஊசி இறங்கின நொடியே பாட்டி சொன்னது பொய் என்று தெரிந்துவிடும், அடுத்த முறை யார் எதைச் சொன்னாலும் நம்பாது. "சுருக்கென்று இருக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "பயப்படாதே, பயப்படாதே" என்று ஓதிக்கொண்டே இருப்பதும் உதவாது, பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் பிள்ளைக்குப் புரியும். அதற்குப் பதில் சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். மெதுவாக, நீளமாக ஊதினால்தான் குமிழி வரும், அந்த மூச்சிலேயே உடம்பு கொஞ்சம் தளர்ந்துவிடும். படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவதைவிட, மடியில் உங்களைப் பார்த்தபடி உட்காரவைத்து அணைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டவைப்பது எவ்வளவோ மேல். "போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? "எந்தக் கை?" என்று கேளுங்கள். தோலை மரத்துப்போக வைக்கும் க்ரீமும் உண்டு, ஆனால் சுமார் 1 மணி நேரம் முன்பே தடவி மூடி வைக்க வேண்டும், அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கேள்வி: கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் விடும் மெல்லிய குழாய்) போட்ட பிறகு மகன் கையை அசைக்கவே மாட்டேன் என்கிறான்.

உள்ளே ஊசி இருக்கிறது என்று நினைக்கிறானோ என்னவோ. எங்கள் வார்டில் ஒரு பையன் இப்படித்தான் அரை நாள் கையை மரக்கட்டை மாதிரி வைத்திருந்தான். புதிதாக ஒன்றைப் பிரித்து, ஊசியை உருவிக் காட்டி, மிச்சமிருந்த மெல்லிய குழாயை அவன் விரலாலேயே வளைக்கவிட்டேன். "அவ்வளவுதானா?" என்றான். அப்புறம் அந்தக் கையாலேயே கலர் பென்சிலை எடுத்தான்.

கேள்வி: எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு என்ன சொல்வது?

வலிக்காது, ஆனால் டமடமவென்று சத்தம் பயங்கரமாக இருக்கும். சத்தத்தின் பதிவை முன்பே போட்டுக் காட்டி, ஸ்கேனில் அசையாமல் படுத்திருக்கப் பழக, மேசைக்கு அடியில் படுத்துச் சிலை விளையாட்டு விளையாடுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்கு "தூங்க வைப்பார்கள்" என்று சொல்லலாமா?

அதோடு நிறுத்தாதீர்கள், பிறகு ராத்திரி தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு. இது மருந்தால் வரும் வேறு தூக்கம், நடுவில் வலி தெரியாது, மயக்க மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார், முடிந்ததும் எழுப்பிவிடுவார் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், ஆபரேஷனுக்கு முன் பசிக்கு அழுகிறதே என்று ஒளித்து ஒரு பிஸ்கெட் கொடுத்துவிடாதீர்கள். திட உணவுக்கு வழக்கமாக 6 மணி நேர இடைவெளி வேண்டும், வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்று கேளுங்கள், பல நேரம் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே அனுமதிப்பார்கள்.