கறுப்பு பெயிண்ட் ரேடாரை ஏமாற்றாது

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்காக, ரேடாரில் சிக்காத பி-2 குண்டுவீச்சு விமானத்தின் மாதிரியை மாணவர்கள் செய்கிறார்கள். கறுப்பு பெயிண்ட் அடித்தால் ரேடாருக்குத் தெரியாது என்கிறார்கள். அது சரியா? பார்வையாளர்களுக்கு இதை எப்படிச் செய்துகாட்டுவது?

பதில்: சரியல்ல. அடர் நிறம் இருட்டில் மனிதக் கண்ணிடமிருந்து மறைக்கும், அவ்வளவுதான். ரேடார் அனுப்புவது வானொலி அலை. அது விமானத்தில் பட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் திரையில் புள்ளி தோன்றும். ஆகவே அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதே முதல் வேலை. அதைச் செய்வது விமானத்தின் வடிவம். அலையை உறிஞ்சிச் சூடாக மாற்றும் பூச்சும் உண்டு. அது இரண்டாம் இடத்தில்தான் வருகிறது.

இதைக் காட்ட இருட்டறையும் டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் இரண்டும் போதும். விளிம்புகளில் டேப் ஒட்டிவிடுங்கள், கையைக் கிழிக்கும். ஒரு கண்ணாடியை மேசையில் நிமிர்த்தி வைத்து, மாணவர் ஒருவரை எதிரே அமர்த்துங்கள். அவர் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கட்டும், அவர்தான் ரேடார். கண்ணாடி நேராக நின்றால் கண் கூசும். சற்றே திருப்பினால் ஒளி சுவருக்குப் போய்விடும், கண்ணாடி இருண்டுவிடும். அடுத்து, மூலைமட்டம் வைத்து இரண்டு கண்ணாடிகளையும் சரியாக 90 பாகையில் சேர்த்து நிறுத்துங்கள். டார்ச்சும் கண்ணும் கண்ணாடியின் உயரத்திலேயே இருக்கட்டும். இப்போது அந்த மூலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பினாலும் ஒளி டார்ச்சுக்கே திரும்பி வரும். சாதாரண விமானத்தில் நிமிர்ந்த வாலும் கிடைமட்டச் சிறகும் சேரும் இடம் இப்படிப்பட்ட மூலைதான். பி-2வுக்கு வாலே இல்லாததற்கு இது முக்கியக் காரணம். சுழலும் எஞ்சின் விசிறிகளும் அலையைப் பலமாகத் திருப்பும் என்பதால், எஞ்சின்களை உடலுக்குள் புதைத்து, காற்று நுழையும் வாயை மேற்புறத்தில் வைத்து, வளைந்த குழாயால் மறைத்திருக்கிறார்கள்.

எந்த வடிவத்தில் பட்ட அலை எந்தத் திசைக்குப் போகும் என்ற கணக்குக்கு அடித்தளம் போட்டவர் சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்சேவ் என்பதை மாணவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். விளிம்புகளில் அலை எப்படிச் சிதறும் என்று அவர் 1962இல் வெளியிட்ட ஆய்வைப் பயன்படுத்திக்கொண்டது அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம். அங்கே பிறந்த, ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-117 விமானம் தட்டையான பட்டைகளால் ஆனது. அன்றைய கணினிகளால் வளைவுகளைக் கணக்கிட முடியவில்லை. 1989இல் முதன்முதலாகப் பறந்த பி-2வின் வளைவுகளை அடுத்த தலைமுறைக் கணினிகள் கணக்கிட்டன.

“ரேடாரில் தெரியவே தெரியாது” என்று அட்டையில் எழுத விடாதீர்கள். “மிக அருகில் வந்தால்தான் தெரியும்” என்பதே உண்மை. கணக்கு இதுதான்: விமானம் ரேடாருக்கே அலையைத் திருப்பும் அளவு 16 மடங்கு குறைந்தால் கண்டுபிடிக்கும் தூரம் பாதியாகும்; 10,000 மடங்கு குறைந்தால்தான் பத்தில் ஒன்றாகும். 400 கிலோமீட்டரில் பிடிபட வேண்டியது 40 கிலோமீட்டரில் பிடிபடும். அலை நீளம் மீட்டர் கணக்கில் உள்ள பழைய வகை ரேடார்களிடம் வடிவத்தின் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் எஃப்-117 ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது.

ரேடாரிடமிருந்து தப்பத் தாழப் பறப்பது, இந்த வடிவத் தந்திரத்துக்கும் பழைய வழி. கொல்லங்கோட்டிலிருந்து தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலைக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாதல்லவா, ரேடாருக்கும் அதே கதிதான். சமவெளியிலும் பூமியின் வளைவு மறைக்கும்: 10 மீட்டர் உயர ரேடார், 60 மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தைச் சுமார் 45 கிலோமீட்டரில்தான் பார்க்கும்.

மாதிரியின் அளவுக்கு 1:100 வசதியானது. சிறகு வீச்சு 52 சென்டிமீட்டர், நீளம் 21 சென்டிமீட்டர் வரும். பின்பக்கத்தின் பல்போன்ற வெட்டுகளை அழகுக்காகச் செய்ததாக நினைத்துக் கண்போக்கில் வெட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு விளிம்பும் முன்விளிம்புகள் இரண்டில் ஒன்றுக்கு இணையாக இருக்க வேண்டும். திரும்பும் அலை அப்போதுதான் ஒருசில திசைகளில் மட்டும் போகும். ஸ்கேலும் மூலைமட்டமும் வைத்தே கோடு போடச் சொல்லுங்கள்.