கட்டக்கோரைச் சாறும் வெள்ளி நைட்ரேட்டும்

அன்புள்ள ஐயா,

மண்டபத்தை அடுத்த ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். கரையில் ஒதுங்கிய கட்டக்கோரை என்ற கடற்பாசியை வேகவைத்து வடித்த சாற்றில் எங்கள் மாணவிகள் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்ததும், அது நீர்மோர் போல வெளுத்து, வெயிலில் சற்று நேரம் இருந்தபின் ஊதா கலந்த சாம்பல் நிறமானது. நானோ வெள்ளி (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள்) உருவாகிவிட்டதென்றும், இது இரசாயனமில்லாத பசுமை முறை என்றும் கண்காட்சி அட்டையில் எழுதலாமா?

வாசகி, மண்டபம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

இப்போதைக்கு எழுத வேண்டாம். மாணவிகள் கண்டது பெரும்பாலும் வெள்ளி குளோரைடாகவே இருக்கும். பாசியின் மேலும் திசுவுக்குள்ளும் தங்கியிருக்கும் கடலுப்பின் குளோரைடு, வெள்ளி அயனியுடன் சேர்ந்த கணமே வெண்படிவாகிவிடுகிறது. அந்தப் படிவு வெளிச்சம் பட்டால் கருக்கும். பழைய புகைப்படத் தாள்களில் படம் விழுந்ததும் இந்தக் குணத்தால்தான். வழக்கமாக எடுக்கும் 1 மில்லிமோலார் கரைசலில் லிட்டருக்கு 0.17 கிராம் வெள்ளி நைட்ரேட்தான் இருக்கிறது. அதிலுள்ள வெள்ளி முழுவதையும் படியவைக்கக் கடல்நீர் 2 மில்லி போதும். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரும் உவர்ப்பு என்பதால், அதில் எத்தனை முறை அலசினாலும் பயனில்லை. காய்ச்சி வடித்த நீரில் அலசி, கடைசி அலசல் நீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டு, கலங்காவிட்டால் மட்டுமே பாசியை உலர்த்துங்கள். உள்ளிருக்கும் உப்பு அப்போதும் சிறிது மிஞ்சும். ஒப்பிட்டுப் பார்க்கக் கடலுப்பு ஏறாத வேப்பிலைச் சாற்றையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. (நானும் ஒரு காலத்தில் இந்தச் சாம்பல் நிறத்தைக் கண்டு மகிழ்ந்தவன்தான்.)

நானோ வெள்ளி உருவானால், கரைசல் பெரும்பாலும் அடியில் படிவு தங்காமல் மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். கரைசல் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஒளிமானியில், 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் உறிஞ்சலின் உச்சம் தெரியும். சாறு மட்டுமே சூடுபட்டும் கருக்கக்கூடும் என்பதால், வெள்ளி சேர்க்காத சாற்றை ஒரு குழாயில் தனியே வையுங்கள்.

‘இரசாயனமில்லாத’ என்ற சொல்லை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக மாற்றும் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற ஒடுக்கிகள் செய்யும் வேலையைப் பாசியின் பாலிபினால்களும் சர்க்கரைப் பொருள்களும் செய்கின்றன. பசுமை என்பது அந்த அளவில்தான். வெள்ளி நைட்ரேட்டோ நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துச் செய்யப்படுவது. அதன் அயனி பாசிக்கும் மீனின் செவுளுக்கும் நஞ்சு. ஆகவே மீந்த கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், அதில் உப்பைப் போட்டு, படிந்த வெள்ளையை வடிகட்டி, பெயர் ஒட்டிய புட்டியில் சேர்த்து வையுங்கள். வடிநீரிலும் நுண்துகள்கள் இருக்கலாம்; அதையும் தனியே மூடி வையுங்கள்.