2026 கால்பந்து உலகக் கோப்பைக்குப் போக நினைப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

2018இல் ரஷ்யா, 2022இல் கத்தார், பிறகு 2024இல் ஐரோப்பிய அணிகள் மோதும் யூரோ கோப்பைக்கு ஜெர்மனி என்று போய்வந்த அனுபவத்தில், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலும் நடக்கும் இந்த உலகக் கோப்பையைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. 2025 டிசம்பர் 5ஆம் தேதி வாஷிங்டனில் குழுப் பிரிப்பு முடிந்ததும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது, அது நல்லதுதான். இப்போது திறந்திருக்கும் டிக்கெட் குலுக்கலுக்கு 2026 ஜனவரி 13 வரை விண்ணப்பிக்கலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: குலுக்கலுக்கு முதல் நாளே விண்ணப்பித்தவர்களுக்கு வாய்ப்பு அதிகமா? நான் இன்னும் போடவே இல்லை.

இல்லை. முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் ஒன்றுதான், அவசரப்படாமல் யோசித்துப் போடுங்கள். ஆளுக்கு ஒரு விண்ணப்பம்தான். வெவ்வேறு மின்னஞ்சலில் மூன்று கணக்கு திறக்கிற வேலை வேண்டாம், மொத்தமும் ரத்தாகும். ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 4 டிக்கெட், போட்டி முழுவதற்கும் சேர்த்து 40.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. குலுக்கலில் விழுந்தால் உங்களிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள், கார்டிலிருந்து பணம் நேராகப் போய்விடும். "எப்படியும் பத்தில் ஒன்றுதான் கிடைக்கும்" என்று நினைத்துப் பத்து ஆட்டங்களுக்கு நான்கு நான்கு டிக்கெட் கேட்டு, அதில் ஆறு விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது, மறுவிற்பனையில் போட்டு யாராவது வாங்க வேண்டும். அதனால் எல்லாமே விழுந்தாலும் என்னால் கட்ட முடியும், போகவும் முடியும் என்கிற ஆட்டங்களை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: ரொனால்டோவை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். எந்த ஆட்டத்துக்குக் கேட்பது?

ஜூன் 27 மியாமியில் நடக்கும் கொலம்பியா – போர்ச்சுகல் ஆட்டத்தைத் தவிர வேறு எதையாவது கேளுங்கள். குலுக்கல் திறந்தவுடனே உலகம் முழுக்க அதிகம் பேர் கேட்ட ஆட்டம் அதுதான். அவர் ஆடும் போர்ச்சுகலின் முதல் இரண்டு ஆட்டங்களும் ஹூஸ்டனில், ஜூன் 17, 23 தேதிகளில். முதல் ஆட்டம் ப்ளே-ஆஃப் என்ற கடைசித் தகுதிச் சுற்றில் வென்று வரும் அணியோடு, இரண்டாவது உஸ்பெகிஸ்தானோடு. எதிரணி பெரிய பெயராக இல்லாத இடத்தில்தான் வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் பார்க்கப் போவது ரொனால்டோவை, எதிரே யார் நின்றால் என்ன?

கேள்வி: டிக்கெட் கையில் இருந்தால் அமெரிக்க விசா கிடைத்துவிடும் என்கிறார்கள், உண்மையா?

இல்லை. இந்த ஒரு நம்பிக்கையால்தான் நிறைய பேர் பணத்தை இழக்கப் போகிறார்கள் என்று எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

ரஷ்யாவில் ஃபேன் ஐடி என்று ஓர் அட்டை கொடுத்தார்கள், அது இருந்தால் விசாவே வேண்டாம், நகரங்களுக்கு இடையே சிறப்பு ரயில்கூட இலவசம். கத்தாரில் ஹய்யா அட்டை அதே வேலையைச் செய்தது. அந்தப் பழக்கத்தில் இந்த முறையும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். இந்த முறை அப்படி எதுவும் கிடையாது. போட்டியை நடத்தும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவிடம் நேரடியாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு நேர்காணல் தேதியை முன்னுரிமையோடு கொடுக்க 'ஃபிஃபா பாஸ்' என்ற ஏற்பாட்டை அமெரிக்க அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. அது வரிசையில் முன்னே நிற்க வைக்கும், அவ்வளவுதான். உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை வழக்கம்போல அதிகாரிதான் முடிவு செய்வார்.

உங்களுக்கு விசா தேவை என்றால் அந்த வேலையை இன்றே தொடங்குங்கள், குலுக்கல் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், மறுத்தாலும் திரும்பி வராது. விசா விலக்கு உள்ள நாட்டுப் பாஸ்போர்ட் என்றால் எஸ்டா என்ற இணையவழிப் பயண அனுமதி போதும். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத எதையும், விமான டிக்கெட்டோ அறையோ, வாங்காதீர்கள்.

கேள்வி: மூன்று நாடுகளிலும் ஆட்டம் பார்க்க ஆசை. ஒரே விசா போதுமா?

மூன்று நாட்டுக்கும் சட்டம் தனித்தனி. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, இது பெரிய வசதி. கனடா அப்படியில்லை, அதற்கு விசாவோ இடிஏ அனுமதியோ தனியாக வாங்க வேண்டும். அமெரிக்க விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள்; ஒருமுறைதான் என்றால் கனடாவின் வான்கூவர் போய்விட்டு அமெரிக்காவின் சியாட்டிலுக்குத் திரும்புவதில் சிக்கல் வரலாம்.

மெக்சிகோவுக்கு மட்டும் போகிறவர்களுக்கு இன்னொன்று: அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கும் விசாவோ எஸ்டாவோ வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று அந்த வழியில் டிக்கெட் போட்டுவிட்டு, ஏறுகிற இடத்திலேயே நிறுத்தப்படுபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

கேள்வி: அர்ஜென்டினா போகும் இடமெல்லாம் போக நினைக்கிறோம், நானும் இரண்டு நண்பர்களும். எப்படித் திட்டமிடுவது?

மனசு புரிகிறது, ஆனாலும் கணக்கைப் பார்த்துவிடுங்கள். குழு ஆட்டங்கள் எளிது: ஜூன் 16 கான்சஸ் சிட்டியில் அல்ஜீரியா, 22 டல்லாஸில் ஆஸ்திரியா, 27 டல்லாஸிலேயே ஜோர்டான். சிக்கல் அதற்குப் பிறகுதான். குழுவில் முதலிடம் பிடித்தால் ஜூலை 3 மியாமி, இரண்டாமிடம் என்றால் ஜூலை 2 லாஸ் ஏஞ்சலஸ். ஒன்று கிழக்குக் கடற்கரை, மற்றது மேற்குக் கடற்கரை. எங்கே போகிறோம் என்பது 27ஆம் தேதி இரவுதான் உறுதியாகத் தெரியவரும், அதே இரவில் உங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் அதே விமானத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த முறை 48 அணிகள், மூன்றாமிடம் பிடித்தவற்றில் எட்டு அணிகளும் மேலே போகும் என்பதால் அந்த வழியும் திறந்தே இருக்கிறது.

அணியின் பின்னால்தான் போவேன் என்றால் அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் வழியாக வரும் டிக்கெட்டுக்கு முயலுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வோர் அணிக்கும் 8 சதவீதம் ஒதுக்கீடு உண்டு, நாக்அவுட் ஆட்டங்களுக்கு 'அணி தகுதி பெற்றால்' என்ற நிபந்தனையோடு வாங்கலாம், வெளியேறிவிட்டால் பணம் திரும்பிவிடும். அந்த ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கை 60 டாலருக்குத் தருகிறார்கள், இறுதிப் போட்டி உட்பட. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அந்தந்தச் சங்கம்; நீண்டநாள் ஆதரவாளர்களுக்கே முதலிடம்.

என்னைக் கேட்டால் அணியை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள். கத்தாரில் எட்டு மைதானங்களும் தோஹாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்த்தேன். இங்கே 16 நகரங்கள் ஒரு கண்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அதனால் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வதே நல்லது. பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா மூன்றையும் ஒரே ரயில் பாதை இணைக்கிறது; பிலடெல்பியாவிலிருந்து நியூயார்க் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து பாஸ்டன் சுமார் நான்கு மணி நேரம். ஜூன் 29 பாஸ்டன், 30 நியூயார்க், ஜூலை 4 பிலடெல்பியா, 5 நியூயார்க் என்று ஒரே வாரத்தில் நான்கு நாக்அவுட் ஆட்டங்கள், விமானமே ஏறாமல். யார் ஆடுவார்கள் என்று தெரியாமல் வாங்குவது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் நாக்அவுட்டில் சுவையில்லாத ஆட்டம் அபூர்வம். ஒன்று மட்டும், ஜூலை 4 அமெரிக்க விடுதலையின் 250ஆவது ஆண்டு, அந்தப் பிரகடனம் கையெழுத்தானதே பிலடெல்பியாவில்தான். அந்த வாரத்துக்கான அறையை இப்போதே பிடித்து வையுங்கள்.

கேள்வி: டிக்கெட்டே கிடைக்கவில்லை, அதற்குள் அறை போடுவது முட்டாள்தனம் இல்லையா?

கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் என்று எழுத்தில் இருக்கும் அறையைப் போடுங்கள், ரத்துக்கான கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவுக்குப் போனபோது நான் சிக்கனம் பார்த்து ரத்து வசதி இல்லாத அறையைப் போட்டேன், கேட்ட ஆட்டம் வேறு ஊரில் விழுந்தது, ஐந்து இரவுக்கான பணம் அப்படியே போனது. கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தாலும் ரத்து வசதியுள்ள அறைதான் கடைசியில் மலிவு.

கேள்வி: கார் ஓட்டத் தெரியாது. எந்த நகரம் வசதி?

இது மிக முக்கியமான கேள்வி, ஏனென்றால் பெயரில் இருக்கும் நகரமும் மைதானம் இருக்கும் இடமும் பல இடங்களில் வேறு வேறு.

நடந்தோ மெட்ரோவிலோ போகக்கூடியவை: சியாட்டில் (விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும்), வான்கூவர், அட்லாண்டா. பிலடெல்பியாவில் பிராட் ஸ்ட்ரீட் மெட்ரோவின் கடைசி நிறுத்தம், ஹூஸ்டனில் டிராம் ரயில், டொராண்டோவில் எக்ஸிபிஷன் நிலையம், எல்லாம் பரவாயில்லை. நியூயார்க் மைதானம் உண்மையில் நியூ ஜெர்சியில் இருக்கிறது, மன்ஹாட்டனிலிருந்து ரயிலில் சிகாகஸ் வந்து மாற வேண்டும். ஆட்டம் முடிந்து திரும்பும்போது கூட்டம் நெரியும், பொறுமை தேவை.

சான் பிரான்சிஸ்கோ என்று போட்டிருப்பது சாண்டா கிளாராவில், நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். சான் ஹோசேயில் தங்கினால் பக்கம். பாஸ்டன் ஆட்டங்கள் பாக்ஸ்பரோ என்ற சிற்றூரில், ஆட்ட நாளில் விடும் ரயிலை விட்டால் சிரமம். டல்லாஸ் மைதானம் இருக்கும் ஆர்லிங்டனில் ரயில் கிடையாது. கான்சஸ் சிட்டியிலும் மைதானத்துக்கு ரயில் இல்லை, ஏற்பாடு செய்யும் பேருந்துகளைத்தான் நம்ப வேண்டும். ஜெர்மனியில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினாலே 36 மணி நேரம் உள்ளூர்ப் போக்குவரத்து இலவசம், அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றம்தான்.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கு டிக்கெட் வேண்டுமா, மடியில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. விண்ணப்பத்தில் எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள். பை எடுத்துப் போனால் உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பை, சிறியதாக.

கேள்வி: ஒருவர் இறுதிப் போட்டி டிக்கெட்டைப் பிடிஎஃப் ஆக அனுப்புகிறேன் என்கிறார், பாதி விலைக்கு. நம்பலாமா?

வேண்டாம். டிக்கெட் ஃபிஃபா செயலியில் மட்டும்தான் இருக்கும், அதற்குள்ளேதான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியும். பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட், அச்சிட்ட தாள் எதுவாக இருந்தாலும் ஏமாற்று.

கேள்வி: வெயில் எப்படி இருக்கும்? பெற்றோரையும் கூட்டிப் போகிறேன்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா மூன்றும் கூரை மூடிக் குளிரூட்டிய மைதானங்கள், வெளியே எவ்வளவு கொளுத்தினாலும் உள்ளே நிம்மதி. மியாமியில் பகல் ஆட்டம் வேண்டாம் என்பேன். மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகட்டும், இரண்டு நாள் முன்பே போய் உடம்பைப் பழக்குவது நல்லது.

வெயிலைவிட இடி மின்னல்தான் திட்டத்தைக் கெடுக்கும். பக்கத்தில் மின்னல் அடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். 2025 கிளப் உலகக் கோப்பையில் சார்லட்டில் நடந்த செல்சீ – பென்ஃபிகா ஆட்டம் கடைசி நிமிடங்களில் நின்று, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்துதான் மறுபடி தொடங்கியது. ஆட்டம் முடிந்த அன்றிரவே விமானம் என்று திட்டம் போடாதீர்கள், மறுநாள் மதியத்துக்கு மேல் வையுங்கள்.

கேள்வி: குலுக்கலில் ஒன்றும் விழவில்லை என்றால் கதை முடிந்ததா?

முடியவில்லை. அப்புறம் முதலில் வருபவருக்கு முதலில் என்ற முறையில் கடைசிக் கட்ட விற்பனை இருக்கிறது, ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளமும் இருக்கிறது. மறுவிற்பனையில் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் பிடிக்கிறார்கள், அதனால் திரையில் காட்டும் மொத்தத் தொகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விலை எல்லா நேரமும் ஏறிக்கொண்டே இருக்காது. அதே கிளப் உலகக் கோப்பையில் செல்சீ – ஃப்ளுமினென்சி அரையிறுதிக்கு 473.90 டாலர் வரை போன சாதாரண டிக்கெட் கடைசி நேரத்தில் 13.40 டாலருக்கு வந்தது. உலகக் கோப்பையில் பிரேசிலோ மெக்சிகோவோ ஆடும் ஆட்டத்தில் இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏற்கெனவே அந்த ஊரில் இருப்பவர், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர், இவர்கள் பெரிய பெயர் இல்லாத குழு ஆட்டங்களுக்குக் காத்திருந்து பார்க்கலாம். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து காலை, மாலை என்று தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: ஒரே ஓர் ஆட்டம் பார்க்கத்தான் காசு இருக்கிறது. எதைப் பார்ப்பீர்கள்?

ஜூன் 15, அட்லாண்டா, ஸ்பெயின் – கேப் வெர்டே. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவிலேயே போய்விடலாம், கூரை மூடிய மைதானம், இறுதிப் போட்டி விலையெல்லாம் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கம் யூரோ சாம்பியன், இன்னொரு பக்கம் ஐந்தேகால் லட்சம் மக்கள்தொகை கொண்ட ஒரு தீவு நாடு, அவர்களுக்கு உலகக் கோப்பையில் இதுதான் முதல் ஆட்டம். அவர்களின் தேசிய கீதம் முதல்முறை ஒலிக்கும்போது அந்த மைதானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் நானே முதலில் அந்த ஆட்டத்தைக் கேட்டிருக்கிறேன்.