காது இரைச்சலுக்கு விலை உயர்ந்த கருவி: வாங்கலாமா?

கேள்வி: ஒரு வருடமாக இரண்டு காதிலும் ‘கீ’ என்று ஓயாத சத்தம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, பழகிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நாக்கில் வைத்து மின்தூண்டல் தரும் கருவி இருக்கிறதாம். வாங்கினால் சேமிப்பில் பாதி போய்விடும். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஸ்கேன் எடுத்ததை எழுதியிருக்கிறீர்கள், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லையே, எடுத்தீர்களா? இரைச்சலோடு வருபவர்களில் பலருக்கு, அவர்களே அறியாமல் கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்திருக்கும். காதிலிருந்து வரும் ஒலி குறையும்போது, அதை ஈடுகட்ட மூளை தன் பக்கத்து வால்யூமைக் கூட்டுகிறது. அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். குறைபாடு இருந்தால் முதலில் காது கேட்கும் கருவியைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் அதை மாட்டிய சில நிமிடத்தில், தன் சட்டைக் கை மேசையில் உரசிய சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். “இரைச்சல் போகலை, ஆனா பின்னாடி போயிடுச்சு” என்றார்.

சரி, நீங்கள் கேட்ட கருவிக்கு வருவோம். லெனைர் என்ற பெயரில் வருவதுதான் அது என்று நினைக்கிறேன். காதில் ஒலி, நாக்கில் லேசான மின்துடிப்பு, தினமும் ஒரு மணி நேரம் வரை, 12 வாரம். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளை அனுமதிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ 2023-ல் அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமான 112 பேர் ஆய்வில் எல்லோருக்கும் முதல் ஆறு வாரம் ஒலி மட்டும், அடுத்த ஆறு வாரம் இரண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். தொல்லை மிதமாகவோ அதற்கு மேலோ இருந்தவர்களில் வெறும் ஒலிக்கே 100-க்கு 43 பேர் போலத் தேறினார்கள். மின்தூண்டலும் சேர்ந்தபோது 58 பேர் போல. விளம்பரத்தில் இரண்டாவது எண்தான் பெரிதாக இருக்கும். நீங்கள் காசு கொடுப்பதோ இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு. வேலை செய்யாத போலிக் கருவியைக் கொடுத்து ஒப்பிட்ட தனிக் குழுவும் அதில் இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், இரைச்சல் ஏறி இறங்கும் தன்மை உள்ளது. தூங்க முடியாமல் தவிக்கும் வாரத்தில்தான் யாரும் கடன் வாங்கியாவது கருவி வாங்குவார்கள். அப்புறம் அது தானாகவே கொஞ்சம் அடங்கும், நல்ல பெயர் கருவிக்குப் போகும். ஜிங்கோ என்ற மூலிகை, துத்தநாக மாத்திரைகளுக்கும் பெயர் இப்படித்தான் கிடைத்தது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதல் அவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. அது பரிந்துரைப்பது சிபிடி என்னும் உளவியல் சிகிச்சையை. சத்தம் குறையாது, சத்தத்தால் வரும் பதற்றமும் தூக்கக்கேடும் குறையும். கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும், ஆதாரம் அதற்குத்தான் வலுவாக இருக்கிறது.

சத்தம் ஒரே காதில் என்றாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கேட்கும் திறன் திடீரென்று குறைந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

இரைச்சல் எவ்வளவு தொல்லை தருகிறது என்று அளக்க டி.ஹெச்.ஐ என்று 25 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு, மொத்தம் 100 மதிப்பெண், கூடக் கூடத் தொல்லை அதிகம். இன்றைக்கே நிரப்பி, தேதி போட்டு வையுங்கள். ஆடியோகிராம், சிபிடி எல்லாம் பார்த்து மூன்று மாதம் கழித்து மறுபடி நிரப்புங்கள். அப்போதும் 38-க்கு மேல் நின்றால், திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு எனக்கு எழுதுங்கள், பேசலாம்.