'அசைவாடி' என்றால் அடைகாத்தலா?
ஆதியாகமம் 1:2-இல் தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் 'அசைவாடிக்கொண்டிருந்தார்' என்பதற்கு 'அடைகாத்தார்' என்றே பொருள் என்று பிரசங்கத்தில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள், சகோதரரே. எபிரெயத்தில் அது 'மெரஹெஃபெத்'. இந்த வினை பழைய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில்தான் வருகிறது. உபாகமம் 32:11-ஐப் பாருங்கள்: கழுகு கூட்டைக் கலைத்து, குஞ்சுகளின்மேல் அசைவாடுகிறது. முட்டை பொரித்து முடிந்துவிட்டது, இனி அடைகாக்க என்ன இருக்கிறது? சிறகடித்தபடி மேலேயே நிற்கிறது. எரேமியா 23:9-இல் எலும்புகள் நடுங்குவதற்கும் இதே வேர்தான். பண்டைய சிரியா நகரமான உகாரித்தின் களிமண் பலகைகளில், அக்ஹாத் என்பவனின் கதையில், பறவைகள் தலைக்குமேல் வட்டமிடுவதற்கு இதன் உறவுச்சொல் வருகிறது.

அடைகாத்தல் என்ற விளக்கம், எபிரெயத்துக்கு உறவான சுரியானி மொழி வழியாக வந்தது. அழகானதுதான். ஆனால் எரேமியா 17:11-இல் கவுதாரி அவயங்காப்பதற்கு, அதாவது அடைகாப்பதற்கு, வருவது 'தாகர்' என்ற வேறு வினை. ஆதியாகமத்திலும் உபாகமத்திலும் 'அசைவாடு' என்ற ஒரே சொல்லைப் போட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை மனசார மெச்சுகிறேன்.